புரோட்டியோமிக்ஸில் நான் தொலைத்த ஒன்றரை வருடம்

அந்த எக்செல் ஃபைல் ஒரு வியாழக்கிழமை மாலை வந்தது. ஒரு சாம்பிளில் இருக்கும் புரதங்களை எல்லாம் ஒன்றாகப் பட்டியலிடும் புரோட்டியோமிக்ஸ் சோதனைக்குச் சாம்பிள் அனுப்பிப் பதினோரு வாரம் ஆகியிருந்தது. நல்ல செய்தியை முதலில் தனியாகப் பார்க்க வேண்டும் என்ற ஆசையில், லேபில் எல்லோரும் கிளம்பும்வரை காத்திருந்து திறந்தேன். முதல் வரியில் மனிதக் கெரட்டின். இரண்டாவது வரியிலும் மனிதக் கெரட்டின். மூன்றாவதும் அதுவே. அதற்குக் கீழே பன்றியின் ட்ரிப்சின், புரதத்தை வெட்டுவதற்கு நாமே போடும் என்சைம். அப்புறம்தான் நெல். நான் அனுப்பியிருந்தது பன்னிரண்டு ட்யூப் நெல் இலைப் புரதம். மொத்தப் பட்டியலில் இருந்தவை 214 புரதங்கள், அதிலும் பாதிக்கு மேல் ஒரே ஒரு பெப்டைடை, அதாவது புரதத்தின் ஒரு சிறு துண்டை, நம்பிச் சொல்லப்பட்டவை. இதற்கு ஒரு சாம்பிளுக்கு 6,500 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து மொத்தம் 92,040 ரூபாய் கட்டியிருந்தேன். 50,000 என் கைடின் ப்ராஜெக்டில் இருந்து வந்தது. மீதி 42,040 என் பொறுப்பு. ஏழு மாதமாக ஃபெல்லோஷிப் வராததால் அம்மாவின் சங்கிலியை அடகு வைத்துத்தான் அதைக் கட்டினேன். கெரட்டின் என்றால் தோல், முடி, நகம். என் தோலும் முடியும்தான் அந்த ட்யூப்புகளில் விழுந்திருந்தன.

இதை யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் எனக்கு ஒன்றரை வருடம் மிச்சமாகியிருக்கும். இந்தச் சோதனையைச் செய்வது மூலக்கூறுகளின் எடையை அளக்கும் மாஸ் ஸ்பெக் என்ற கருவி, எங்கள் துறையில் அதன் பக்கம் போனவர் ஒருவரும் இல்லை. என் கைடு செடி உடலியங்கியலில் கெட்டிக்காரர், ஆனால் இது அவருக்கும் புதிது. கருவி இல்லாத ஒரு கல்லூரியில் உட்கார்ந்து, கட்டுரைகளைப் படித்து மட்டும் இந்த வேலையைத் தொடங்கும் ஸ்காலர் இன்னும் நிறையப் பேர் இருப்பார்கள். அவர்களுக்காக நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

என் ஊர் நாகப்பட்டினம் மாவட்டத்தில் கடலுக்குப் பக்கம். 2004 சுனாமியில் எங்கள் வயலுக்குள் கடல் தண்ணீர் வந்து நின்றது. அப்போது நான் சின்னப் பிள்ளை. அடுத்த போகத்தில் நாற்று நுனியிலிருந்து கருகி வெள்ளையாகிப் போனதும், அப்பா வரப்பிலேயே உட்கார்ந்திருந்ததும் நினைவில் இருக்கிறது. பிஎச்டிக்கு நெல்லும் உப்பும் என்ற தலைப்பை நான் கேட்டு வாங்கியதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. இந்தத் துறையில் எல்லோரும் வைத்துப் பார்க்கும் இரண்டு ரகங்கள் உண்டு. ஒன்று கேரளக் கடற்கரையின் பொக்காளி, உப்பைத் தாங்கும். இன்னொன்று ஐஆர் 29, கொஞ்சம் உப்பு பட்டாலே சுருண்டுவிடும். இரண்டையும் நாற்றுப் பருவத்தில் உப்புத் தண்ணீரில் வளர்த்து, உள்ளே என்ன நடக்கிறது என்று புரத அளவில் பார்ப்பதுதான் என் திட்டம்.

ஏன் புரதம் என்று டாக்டோரல் கமிட்டியில் கேட்டார்கள். ஒரே நெல்மணியிலிருந்து வந்த வேருக்கும் இலைக்கும் ஜீன் ஒன்றுதான், ஆனால் வேர் வேர் வேலையைச் செய்கிறது, இலை இலை வேலையைச் செய்கிறது. எந்த ஜீன் ஆர்என்ஏவாகப் படியெடுக்கப்படுகிறது என்று பார்த்தால் பாதிக் கதை தெரியும். அந்த ஆர்என்ஏவில் எவ்வளவு புரதமாக மாறியது, மாறிய புரதம் எவ்வளவு நேரம் உடையாமல் இருந்தது, அதன்மேல் பாஸ்பேட் மாதிரி என்ன ஒட்டியது என்பதெல்லாம் புரதத்தையே பார்த்தால்தான் தெரியும். ஒரு செல்லில் ஒரு நேரத்தில் இருக்கும் மொத்தப் புரதங்களுக்கு புரோட்டியோம் என்று 1994இல் பெயர் வைத்தவர் மார்க் வில்கின்ஸ். இதெல்லாம் அன்று அழகாகச் சொன்னேன். வேரா, இலையா என்று மட்டும் யாரும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. இலை கைக்கு எளிது, நிறையக் கிடைக்கும், அதனால் இலை என்று முடிவு செய்தேன். பின்னால் வந்த பாதித் துன்பத்துக்கு அந்த ஒரு நிமிட முடிவுதான் காரணம்.

முதல் ஏழு மாதம் இரு பரிமாண ஜெல்லில் போனது. 1975இல் ஓ'ஃபாரல் கொண்டுவந்த முறை. புரதங்களை முதலில் மின்சுமை சமமாகும் பிஎச் புள்ளியை வைத்து ஒரு திசையில் பிரிப்பது, அப்புறம் எடையை வைத்துக் கீழ் நோக்கிப் பிரிப்பது. ஜெல்லில் ஒவ்வொரு புள்ளியும் ஒரு புரதம், சில சமயம் இரண்டு மூன்று சேர்ந்தும் இருக்கும். கல்லூரியில் பழைய கருவி ஒன்று இருந்ததால் அதையே பிடித்துக்கொண்டேன். ஸ்ட்ரிப், ஆம்ஃபோலைட், சாயம் என்று எழுபதாயிரம் ரூபாய்க்கு மேல் கரைந்தது. கன்ட்ரோல் செடியின் ஜெல் ஓரளவு வரும். உப்பு வைத்த செடியின் ஜெல் மட்டும் ஒவ்வொரு முறையும் கோடு கோடாக இழுத்துக்கொண்டு போகும். உப்பு புரதத்தை உடைக்கிறது போலிருக்கிறது, இதுவே ஒரு கண்டுபிடிப்பு என்று இரண்டு மாதம் நம்பினேன், அதை வைத்து ஒரு போஸ்டர்கூடத் தயார் செய்தேன். உண்மை மிகச் சாதாரணம். முதல் திசையில் பிரிப்பதற்குச் சாம்பிளில் உப்பு இருக்கவே கூடாது, இருந்தால் மின்னோட்டத்தை உப்பு வாங்கிக்கொள்ளும், புரதம் தன் இடத்தில் போய் நிற்காது. உப்பில் வளர்ந்த செடியின் சாற்றில் உப்பு இருக்கும்தானே. புரதத்தை வீழ்படிவாக்கி நன்றாகக் கழுவியிருந்தால் முதல் வாரத்திலேயே தீர்ந்திருக்கும். உங்கள் சாம்பிளில் நீங்கள் மாற்றிய பொருளே உங்கள் முறையைக் கெடுக்குமா என்று தொடங்கும்போதே ஒரு முறை யோசித்துவிடுங்கள். சர்க்கரை நோய் சாம்பிளாக இருந்தாலும் சரி, உலோகம் கலந்த மண்ணில் வளர்ந்த செடியாக இருந்தாலும் சரி, இந்தக் கேள்வி வரும்.

ஜெல்லில் இன்னொரு இழப்பும் நேர்ந்தது. புள்ளிகள் நன்றாகத் தெரிய வேண்டும் என்று சில்வர் சாயம் போட்டேன். நான் பயன்படுத்திய பழைய செய்முறையில் குளுட்டரால்டிஹைடு இருந்தது. அது புரதங்களை ஒன்றோடொன்று கட்டிப்போட்டுவிடும், அப்படிக் கட்டுண்ட புரதத்தை மாஸ் ஸ்பெக்கில் அடையாளம் காண்பது மிகவும் கஷ்டம். ஆசையாக வெட்டி எடுத்து ஃப்ரீசரில் வைத்திருந்த இருபத்தாறு புள்ளிகளையும் குப்பையில் போட வேண்டியதாயிற்று. புள்ளியை வெட்டி அடையாளம் காணும் எண்ணம் இருந்தால் கூமாஸி சாயம் போதும். சில்வர்தான் வேண்டும் என்றால் மாஸ் ஸ்பெக்குக்கு ஒத்துப்போகும் செய்முறையைத் தேடி எடுங்கள்.

அந்த நேரத்தில்தான் ஒரு கருத்தரங்கில் சந்தித்த சீனியர் அக்கா சொன்னார், "இப்போ யாரும்மா ஜெல் போடுறாங்க, எல்லாத்தையும் கரைச்சு நேரா அனுப்பிடு." முறையைப் பற்றி அவர் சொன்னது சரி. மொத்தப் புரதத்தையும் ட்ரிப்சினால் வெட்டுவார்கள். அது லைசினுக்கும் ஆர்ஜினினுக்கும் அடுத்த இடத்தில் வெட்டும், அடுத்தது புரோலினாக இருந்தால் பெரும்பாலும் விட்டுவிடும். அப்படி வரும் பெப்டைடு துண்டுகளை மெல்லிய குழாயில் பிரித்து, மின்னழுத்தத்தில் நுண்துளிகளாகத் தெளித்து, பறக்கும் அயனிகளின் எடையைக் கருவி அளக்கும். அந்தத் தெளிப்பு முறைக்காகத்தான் ஜான் ஃபென் 2002 வேதியியல் நோபலில் பங்கு பெற்றார். லேசர் முறைக்காக அதே ஆண்டு கோய்ச்சி தனாக்காவும் பெற்றார். பிறகு கருவி துண்டுகளை ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்து மோதி உடைத்து மறுபடியும் எடை போடும், அதைப் புரதத் தரவுத்தளத்தோடு ஒப்பிட்டு இது இன்ன புரதம் என்று மென்பொருள் சொல்லும். இவ்வளவும் கருவி செய்யும்போது நமக்கு என்ன வேலை, சாறு எடுத்து அனுப்பினால் போதும் என்று நினைத்தேன். பெங்களூருவில் ஒரு மையத்துக்குப் படிவம் நிரப்பி, பணம் கட்டி, பொங்கலுக்கு முந்தின நாள் கூரியரில் போட்டேன். இரண்டு நாளில் போக வேண்டிய பெட்டி ஐந்தாம் நாள் போய்ச் சேர்ந்தது. ட்ரை ஐஸ் ஒரு துண்டுகூட மிச்சமில்லை என்று மின்னஞ்சல் வந்தது. பரவாயில்லை, ஓட்டிவிடுங்கள் என்று நான்தான் பதில் எழுதினேன். கேட்டுப் பார்த்துவிட்டு நிறுத்தியிருக்கலாம்.

முடிவு வந்த பிறகு பத்து நாள் யாரிடமும் பேசவில்லை. வீட்டில் கேட்டால் இன்னும் வரவில்லை என்றேன். அப்புறம் ஒரு ஹார்ட் டிஸ்க்கை எடுத்துக்கொண்டு இரவு பஸ்ஸில் பெங்களூருவுக்குப் போனேன். கருவியை ஓட்டுபவர் தமிழர், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர் இருப்பார். எக்செல்லை ஓரமாக வைத்துவிட்டு, கருவி பதிந்த மூலத் தரவான ரா ஃபைலைத் திறந்து காட்டினார். இரண்டு மணி நேரம் பொறுமையாக உட்கார்ந்து சொன்னார். வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த நல்ல வகுப்புகளில் அது ஒன்று. திரையில் சீப்புப் பல் மாதிரி ஒரே இடைவெளியில் உயர்ந்து நின்ற கோடுகளைக் காட்டி, "இடைவெளியை எண்ணிப் பாருங்க" என்றார். 44, 44, 44. "இது ட்ரைட்டான். நீங்க பஃபர்ல போட்ட டிடர்ஜென்ட். பெப்டைடு பறக்க வேண்டிய இடத்துல இதுதான் பறந்துக்கிட்டு இருக்கு." அவர் கடைசியாகக் கேட்ட கேள்வி இன்னும் காதில் இருக்கிறது. "ஏம்மா, சாம்பிள் எடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு போன் பண்ணியிருக்கக் கூடாதா?" அப்படிச் செய்யலாம் என்பதே எனக்குத் தெரியாது. பணம் கட்டிய பிறகுதான் அவர்களோடு பேச வேண்டும் என்று நினைத்திருந்தேன். நான் செய்த தவறுகள் எல்லாம் கருவியைத் தொடும் முன்பே, என் மேசையில் நடந்து முடிந்திருந்தன. பத்து நிமிட போனில் அதில் முக்கால்வாசி பிடிபட்டிருக்கும்.

அன்று அவர் சொன்னதையும் அதற்குப் பிறகு நான் பட்டுத் தெரிந்துகொண்டதையும் கலந்து சொல்கிறேன். கெரட்டினைத் தடுக்க கையுறை மட்டும் போதாது. கையுறை போட்ட கையால் நெற்றியைத் துடைத்தால், போனைத் தொட்டால், எல்லாம் வீண். பவுடர் இல்லாத நைட்ரைல் கையுறை, அதையும் அடிக்கடி மாற்றுவது, முடியை மூடிக் கட்டுவது, ட்யூப்பைத் திறப்பதெல்லாம் வடிகட்டிய காற்று வரும் லேமினார் ஃப்ளோ பெட்டிக்குள், ஜெல் ட்ரேயை எப்போதும் மூடி வைப்பது. ஃபேனுக்குக் கீழே வேலை செய்யவே கூடாது. எங்கள் லேபில் வெக்கை தாங்காமல் ஃபேனைப் போட்டுக்கொண்டுதான் செய்திருந்தேன். கண்ணாடிப் பாத்திரத்தைச் சோப்புப் போட்டுக் கழுவினால் அந்தச் சோப்பின் மிச்சமும் சீப்புப் பல்லாக வரும். இந்த வேலைக்கென்று தனியாகப் புது ட்யூப்பும் டிப்பும் வைத்து, மற்றவர்கள் எடுக்காதபடி பெயர் எழுதிப் பூட்டி வையுங்கள். பூட்டுவதைப் பார்த்து லேபில் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை. டிடர்ஜென்ட் இல்லாமல் எடுக்க முடியாது என்றால் எஸ்டிஎஸ் போடலாம், ஆனால் அதை நீக்குவதற்கென்றே வந்த வடிகட்டி முறையோ நுண்மணி (பீட்) முறையோ மையத்தில் செய்கிறார்களா என்று கேட்டுவிட்டுப் போடுங்கள். ட்ரைட்டானைத் தொடவே வேண்டாம் என்பது என் கருத்து. புரதத்தின் அளவையும் தப்பாகவே கணக்கிட்டிருந்தேன். பிராட்ஃபோர்டு முறை டிடர்ஜென்ட்டில் பொய் சொல்லும், பிசிஏ முறை டிடிடி (புரதத்தின் கந்தகப் பிணைப்பை உடைக்கப் போடும் வேதிப்பொருள்) இருந்தால் பொய் சொல்லும். எந்த முறையில் அளந்தாலும், அளந்த பிறகு எல்லாச் சாம்பிளையும் சம அளவு எடுத்துச் சாதாரண ஜெல்லில் பக்கம் பக்கமாக ஓட்டிக் கண்ணால் பாருங்கள். இருநூறு ரூபாய்க்குள் முடியும் வேலை.

மூன்று ரெப்ளிகேட், அதாவது ஒரே சோதனைக்கு மூன்று தனிச் சாம்பிள், வைத்திருந்தேன் என்று பெருமையாகச் சொன்னபோது அவர் எப்படி வைத்தீர்கள் என்று கேட்டார். ஒரே தட்டில் வளர்ந்த நாற்றுகளின் இலையை ஒன்றாக அரைத்து, ஒரே சாற்றை மூன்று ட்யூப்பில் பிரித்திருந்தேன். அது ஒரே செடிக் கூட்டத்தை மூன்று முறை அளப்பது. பொக்காளி எப்போதும் இப்படித்தானா, அன்று அந்தத் தட்டில் மட்டும் இப்படியா என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை. சாம்பிள் சுத்தமாக இருந்திருந்தாலும் அந்த 92,040 ரூபாய்க்கு அறிவியல் மதிப்பு இருந்திருக்காது. இதைக் கேட்டபோதுதான் எனக்கு அழுகை வந்தது. அவர் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். இன்னொன்றும் இருந்தது. ட்யூப்பில் நான் எழுதிய எண் வரிசைப்படியே ஓட்டியிருந்தார்கள். முதலில் கன்ட்ரோல் ஆறும், அப்புறம் உப்பு வைத்தவை ஆறும். கருவியின் குழாய் ஓட ஓட மெல்லக் களைத்துப்போகும். கடைசியில் ஓடியவற்றில் சில புரதங்கள் குறைந்தால் அது உப்பாலா, களைப்பாலா என்று பிரிக்கவே முடியாது. சாம்பிளைக் கலைத்துப் போட்டு ஓட்டச் சொல்வது நம் பொறுப்பு. நாம் சொல்லாவிட்டால் பெரும்பாலும் எண் வரிசையில்தான் ஓடும்.

ரூபிஸ்கோவைப் பற்றியும் அன்றுதான் சரியாகப் புரிந்தது. கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்கும் அந்த என்சைம் இலையில் கரையும் புரதத்தில் பாதி அளவுக்குக்கூட இருக்கும். கருவி எது அதிகமாக வருகிறதோ அதையே திரும்பத் திரும்பப் பிடிக்கும். கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கிக்கு அடியில் நின்றுகொண்டு பத்தடி தள்ளி இருவர் கிசுகிசுப்பதைக் கேட்க நினைத்த மாதிரிதான் நான் செய்தது. உப்பைத் தாங்குவதில் முக்கியமானவை சோடியத்தைக் கடத்தும் சவ்வுப் புரதங்கள். அளவில் குறைந்தவை, தண்ணீரில் கரையாதவை. இலையை பஃபரில் அரைத்துத் தெளிவை மட்டும் எடுத்தால் அவற்றில் பெரும்பாலானவை வண்டலோடு போய்விடும். நான் தேடிப்போனதை நானே சென்ட்ரிஃபியூஜில் சுற்றிக் கீழே எறிந்திருக்கிறேன். சோடியம் இலைக்கு ஏறாமல் பிடித்து வைப்பதில் வேருக்குப் பெரிய பங்கு உண்டு என்று என் முதல் அத்தியாயத்தில் நானே எழுதியிருந்தேன். வேரில் ரூபிஸ்கோ தொல்லையும் இல்லை.

பிறகு மற்ற லேப் நண்பர்களிடம் பேசும்போது, ஒவ்வொரு சாம்பிளுக்கும் ஒரு ரூபிஸ்கோ இருக்கிறது என்று தெரிந்தது. ரத்தப் பிளாஸ்மாவில் புற்றுநோய்க்கு அடையாளம் தேடும் தோழிக்கு அல்புமின், அது மட்டுமே பாதிக்கு மேல். ரத்தம் எடுக்கும்போது சிவப்பணு கொஞ்சம் உடைந்தாலும் ஹீமோகுளோபின் வந்து கணக்கையே மாற்றிவிடும். பாம்பு விஷம் படிப்பவனின் சிக்கல் வேறு மாதிரி. விஷத்தில் புரதக் குடும்பங்கள் சிலதான், ஆனால் ஒவ்வொன்றிலும் ஒன்றைப்போல இன்னொன்று நிறைய. தரவுத்தளத்தில் இல்லாத புரதத்தை மென்பொருள் கண்டுபிடிக்காது. இந்திய நாகத்தின் முழு ஜீனோம் 2020இல் வந்த பிறகுதான் தன் பழைய தரவிலிருந்தே புதிதாகப் பல புரதங்கள் கிடைத்தன என்றான். நம் நாட்டு விஷமுறி மருந்துக்கு விஷம் பெரும்பாலும் வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது. அதே இனப் பாம்பின் விஷமும் ஊருக்கு ஊர் வேறுபடுகிறது, அதனால் மருந்தின் பலனும் சில இடங்களில் குறைகிறது என்பதைக் காட்டியதில் இந்த முறைக்குப் பங்கு உண்டு. அவன் அதைச் சொல்லும்போது என் கெரட்டின் துக்கம் கொஞ்சம் குறைந்தது. சரியாகச் செய்தால் இது உயிர் காக்கும் வேலை. எந்தச் சாம்பிளாக இருந்தாலும் அதில் சத்தம் போடும் புரதம் எது, அதை முதலிலேயே குறைக்க வேண்டுமா, தரவுத்தளம் இருக்கிறதா என்று மூன்றையும் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். தரவுத்தள விஷயத்தில் நானும் இழந்தேன். படிவத்தில் நெல் என்று எழுதினேன், அவர்கள் கைமுறையாகச் சரிபார்த்த சில ஆயிரம் புரதங்களோடு மட்டும் ஒப்பிட்டிருந்தார்கள். யூனிப்ராட் என்ற பொதுப் புரதத் தரவுத்தளத்தில் நெல்லின் முழுப் புரோட்டியோமும் இலவசமாக இருக்கிறது. ரா ஃபைல் என் கையில் வந்ததும் மேக்ஸ்குவான்ட் மென்பொருளை இறக்கி முழுத் தரவோடு ஓட்டினேன், அதுவும் இலவசம். 214 என்பது 390 ஆயிற்று. பயன் இல்லைதான், ஆனால் எக்செல்லை மட்டும் வாங்கிக்கொண்டு வரக் கூடாது என்று புரிந்தது. கட்டுரை போடும்போது பிரைடு போன்ற பொதுக் களஞ்சியத்தில் ரா ஃபைலை ஏற்றச் சொல்வார்கள். சில மையங்களில் சில மாதத்தில் அழித்துவிடுவார்கள், அதனால் முடிவு வந்த வாரமே வாங்கிவிடுங்கள்.

இரண்டாவது முறைக்கு வர எனக்கு நான்கு மாதம் ஆயிற்று. கைடிடம் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். கோபப்படுவார் என்று பயந்தேன். "எனக்கும் தெரியாதும்மா, நானும் கேட்டிருக்கணும்" என்றார். ஆய்வுக் கருவிகள் எங்கே இருக்கின்றன என்று காட்டும் ஐ-ஸ்டெம் தளத்தில் தேடி, மாணவர்களுக்குச் சலுகைக் கட்டணம் தரும் ஓர் அரசு நிறுவனத்தைக் கண்டுபிடித்தோம். ஒரு சாம்பிள் 4,500, ஜிஎஸ்டியோடு 5,310. ஐஐடி பம்பாய் நடத்தும் புரோட்டியோமிக்ஸ் பாடங்கள் என்பிடெல் என்ற இணையவழிப் பாடத் தளத்தில் இலவசமாக இருக்கின்றன, அதை இரவு இரவாகப் பார்த்து முடித்தேன். முதல் வருடமே பார்த்திருக்க வேண்டியது. நெல்லை நான்கு தனித்தனித் தொகுதிகளாக, வேறு வேறு வாரத்தில் விதைத்தேன். இந்த முறை வேர். ஃபீனாலில் புரதத்தை எடுத்து, மெத்தனாலும் அம்மோனியம் அசிட்டேட்டும் கலந்து வீழ்படிவாக்கிப் பலமுறை கழுவினேன். நாள் பிடிக்கும், நாற்றம் தலைவலி தரும், ஃபீனால் தோலில் பட்டால் புண்ணாகும், ஆனால் செடிக்கு இதைவிடச் சுத்தமாக வந்து நான் பார்க்கவில்லை. வேர் சிறியதாக இருப்பதால் ஒரு சாம்பிளுக்கு நாற்பது நாற்று தேவைப்பட்டது.

பதினாறு சாம்பிளையும் உடனே அனுப்பவில்லை. ஒன்றை மட்டும் சோதனைக்கு அனுப்பினேன், 5,310 ரூபாய். அந்த ஒன்றும் நன்றாக வரவில்லை. கெரட்டின் கீழே போயிருந்தது, சீப்புப் பல் இல்லை, ஆனால் ட்ரிப்சின் வெட்ட வேண்டிய இடங்களில் பாதியை வெட்டவே இல்லை. அங்கிருந்த மேடம் போனில் ஒவ்வொரு படியாகக் கேட்டார். யூரியா கரைசலில் புரதத்தைக் கரைத்து, டிடிடி போட்டு, பழக்க தோஷத்தில் 56 டிகிரியில் அரை மணி நேரம் வைத்திருந்தேன். 37 டிகிரிக்கு மேல் சூடானால் யூரியாவிலிருந்து வரும் சயனேட் லைசின்மேல் ஒட்டிக்கொள்ளும், எடை 43 கூடும், ட்ரிப்சினுக்கு அந்த லைசின் அடையாளம் தெரியாது. யூரியாவை அன்றன்றே புதிதாகக் கரைத்து, சூடாக்காமல் செய்யச் சொன்னார். ட்ரிப்சின் போடும் முன் நன்றாக நீர்க்கச் செய்யவும் சொன்னார். இரண்டாவது சோதனை சரியாக வந்தது. 10,620 ரூபாய் செலவில், 84,960 ரூபாய் தப்பித்தது. கைடு இரண்டு சோதனைக்குப் பணம் தர யோசித்தால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். முழுத் தொகுதியையும் பெப்டைடாக்கி, வெற்றிடத்தில் உலர்த்தி, நானே ரயிலில் கொண்டுபோய்க் கொடுத்தேன். உலர்ந்த பெப்டைடு பயணத்தைத் தாங்கும், ஐஸ் கரைந்துவிடுமோ என்ற பதைப்பு இல்லை.

மூவாயிரத்துச் சொச்சம் புரதங்கள் வந்தன. அன்று அம்மாவுக்குப் போன் செய்தேன். ஆனால் கணக்குப் போடும் இடத்தில் இன்னொரு பள்ளம் இருந்தது. ஒவ்வொரு புரதத்துக்கும் டி டெஸ்ட் போட்டு, பி மதிப்பு 0.05க்குக் கீழே இருப்பதை எடுத்தால் 190 புரதம் உப்பில் மாறியதாக வந்தது. பெரிய பட்டியல், கைடு மகிழ்ந்துபோனார். ஆனால் மூவாயிரம் புரதத்தைச் சோதித்தால், உண்மையில் எதுவுமே மாறாவிட்டாலும் தற்செயலாகவே 150 அந்தக் கோட்டைத் தாண்டும். இப்படித் தற்செயலாக வருவதைக் கட்டுப்படுத்தும் பெஞ்சமினி ஹாக்பெர்க் திருத்தம் போட்டதும் 31தான் மிஞ்சியது. 190ஐயே எழுதலாமே, எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள் என்று துறையில் ஒருவர் சொன்னார். எனக்கு மனம் வரவில்லை. உப்பு வைத்ததில் மட்டும் தெரிந்த சில புரதங்களையும், இவை கன்ட்ரோலில் இல்லவே இல்லை என்று எழுதியிருந்தேன், அதையும் அடித்துவிட்டேன். கருவி பிடிக்கவில்லை என்பது வேறு, செடியில் இல்லை என்பது வேறு. அந்த 31இல் எதிர்பார்த்தபடி ஆக்சிஜன் நச்சைச் சமாளிக்கும் என்சைம்கள் இருந்தன. சவ்வில் இருக்கும் இரண்டு புரதங்களும் இருந்தன, என் முழு நம்பிக்கையும் இப்போது அவற்றின்மேல். நெல் புரதத்துக்கு ஆன்டிபாடி கடையில் அதிகம் கிடைக்காது, கிடைத்தாலும் முப்பதாயிரம் நாற்பதாயிரம் என்றார்கள். அதனால் அந்தப் புரதங்களின் பெப்டைடுகளை மட்டும் குறிவைத்து மறுபடியும் கருவியில் அளக்கப்போகிறோம். இதற்கும் முன்கூட்டியே பணமும் சாம்பிளும் ஒதுக்கி வையுங்கள், அரைத்த வேரில் கொஞ்சம் மைனஸ் எண்பது டிகிரி ஃப்ரீசரில் மிச்சம் வைத்திருந்ததால்தான் என்னால் முடிகிறது.

சங்கிலியைப் போன மாதம் மீட்டுவிட்டேன், நின்றுபோன ஃபெல்லோஷிப் மொத்தமாக வந்தது. ஆறு மாத நீட்டிப்புக்கு விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன். ஊருக்குப் போயிருந்தபோது அப்பாவிடம் மடிக்கணினியில் அந்த 31 புரதப் பட்டியலைக் காட்டினேன். ஒவ்வொரு வரியாகக் கேட்டார், கேட்டுவிட்டு, "சரி, அப்ப கடலோரம் இருக்கிற அந்த வயலுக்கு இந்த வருஷம் எந்த ரகம் போடறது?" என்றார். அதைச் சொல்ல இதில் இன்னும் ஒன்றும் இல்லை அப்பா என்றேன். தட்டில் வளர்ந்த நாற்றுதான் இதுவரை பார்த்திருக்கிறேன், வயலில் வளர்ந்த வேரை இன்னும் பார்க்கவில்லை. ஐப்பசியில் நடவு முடிந்ததும் வந்து பிடுங்கிக்கொள் என்று இரண்டு பாத்தி விட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அந்த அரசு நிறுவனத்து மேடத்துக்கு நேற்றே போன் செய்துவிட்டேன், வயல் மண் ஒட்டிய வேரை எப்படிக் கழுவுவது என்று கேட்பதற்காக.